கரியைக் கழுவினால் பில் குறையுமா?

நேயர்களுக்கு வணக்கம். போன வாரம் எங்கள் புளோக் லிஃப்டில் ஓர் அக்கா மின்கட்டண பில்லை நீட்டினார். "தம்பி, நிலக்கரி மலிவுதானே? இப்போது சுத்தமாக எரிக்கிறார்களாமே, நாமும் எரித்தால் என்ன?" என்றார். பதிலை முடிப்பதற்குள் அவர் மாடி வந்துவிட்டது. மிச்சத்தை இங்கே சொல்லிவிடுகிறேன்.

நம் சிங்கப்பூரின் மின்சாரத்தில் 100க்கு சுமார் 95 பங்கு இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. அதற்காக நிலக்கரியே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். ஜூரோங் தீவில் 2013 முதல் ஓர் ஆலை தாவரக் கழிவோடு நிலக்கரியையும் எரித்து, நீராவியும் மின்சாரமும் தருகிறது. இத்தகைய உலையில் அடியிலிருந்து காற்றை ஊதுவார்கள். கரியும் மணலும் கொதிக்கிற கஞ்சி மாதிரிப் புரளும். கூடவே போடும் சுண்ணாம்புக்கல், கந்தகத்தை அங்கேயே பிடித்துக்கொள்ளும். சூடு 850 டிகிரியை ஒட்டியே இருப்பதால் நைட்ரஜன் ஆக்சைடும் குறைவு. கெட்டிக்கார வேலைதான், சந்தேகமில்லை.

ஆனால் கந்தகம் கரியில் ஒட்டியிருக்கும் அழுக்கு. எரிந்து கரியமில வாயுவாகும் கரிமமோ (கார்பன்) அதன் உடம்பு. அதை எடுத்துவிட்டால் எரிப்பதற்கு என்ன இருக்கும்? ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நிலக்கரி சுமார் 900 கிராம் கரியமில வாயுவை விடுகிறது, எரிவாயு 400 கிராம். புகையிலிருந்து அதைப் பிடிக்கவும் வழி உண்டு. கனடாவின் பவுண்டரி டேம் நிலக்கரி மின்நிலையத்தில் 2014 முதல் பிடிக்கிறார்கள். ஆனால் பிடிக்கும் வேலையே நிலையத்தின் மின்சாரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை விழுங்கிவிடும். பிடிக்காமல் விட்டால், வெளியேறும் வாயுவுக்கு இங்கே கரிம வரி கட்ட வேண்டும். 2026 முதல் டன்னுக்கு 45 வெள்ளி என்பதால், நிலக்கரி மின்சாரத்தில் யூனிட்டுக்கு 4 காசு ஏறும். எரிவாயுவுக்கு 2 காசுகூட வராது.

சரி, பில் ஏன் ஏறியது? 2020 நடுவில் யூனிட் 20 காசுக்குள் இருந்தது, 2022 நடுவில் 30 காசைத் தாண்டியது. நாம் வாங்கும் எரிவாயுவின் விலை எண்ணெய் விலையோடு பிணைந்தது. உக்ரேன் போர் இரண்டையும் தூக்கிவிட்டது. அக்காவின் மலிவு நிலக்கரியும் அதே ஆண்டு டன்னுக்கு 400 அமெரிக்க வெள்ளிக்கு மேல் போனது!

அப்புறம், அக்காவின் பில்லையும் நான் பார்த்தேன். மூன்று படுக்கையறை, மூன்று ஏர்கான், மூன்றும் 18 டிகிரி. அதை லிஃப்டில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. இந்த நேரத்தில் அவர் வானொலி கேட்பவர் என்பது மட்டும் தெரியும்.