அரை மூச்சு

நடுவர் ஐயா அவர்களுக்கும், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே 'இல்லை, இல்லை' என்று தலையாட்டத் தொடங்கிவிட்ட எதிரணி நண்பர்களுக்கும், கொசுக்கடியைப் பொறுத்துக்கொண்டு ராத்திரி பத்து மணிக்கு மேலும் எழுந்து போகாத பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம்.

சுண்டல் வாங்கிக்கொண்டு இப்போதுதான் வந்து உட்கார்ந்தவர்களுக்காகத் தலைப்பை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். ஒரே நடிகரைத் திரும்பத் திரும்ப வைத்துப் படமெடுத்த இயக்குநர்கள் வளர்ந்தார்களா, தேங்கிப்போனார்களா? நாங்கள் வளர்ந்தார்கள் என்கிற அணி.

எனக்கு முன்னால் பேசிய பேராசிரியர் அம்மா இரண்டு குற்றச்சாட்டு வைத்தார். பழகிய நடிகர் என்றால் இயக்குநருக்குச் சோம்பல் வந்துவிடுமாம். புதுமுகத்துக்குக் கதவு அடைபடுமாம். அப்புறம் கைதட்டலுக்காக, "தினமும் இட்லி தின்றால் இட்லி மேலேயே வெறுப்பு வராதா?" என்றும் கேட்டார். அம்மா, இந்தப் பந்தலில் இட்லி மேல் வெறுப்பு வந்தவர் யாராவது இருந்தால் கையைத் தூக்கச் சொல்லுங்கள். ஒரு கையும் காணோம். சரி, மற்ற இரண்டுக்கு வருகிறேன்.

சாயங்காலம் சுவாமி புறப்பாட்டில் நாயனக்காரருக்கும் தவில்காரருக்கும் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். கீர்த்தனையில் ஓரிடத்தில் நாயனக்காரர் வழக்கமாக எடுக்கிற இடத்தில் எடுக்காமல் அரை மூச்சு தள்ளி எடுத்தார். தவில்காரர் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. தேர்ச் சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவர்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் கூடு மாட்டிய அந்த விரல்கள் அதே அரை மூச்சு காத்திருந்து விழுந்தன. எத்தனை வருஷமாகச் சேர்ந்து வாசிக்கிறீர்கள் என்று கேட்டேன். "பத்தொன்பது" என்றார். நேற்றுச் சேர்ந்த ஜோடியாக இருந்தால் நாயனக்காரர் அந்த இடத்தைத் தள்ளியே எடுத்திருக்க மாட்டார். கூட வருகிறவர் தவறிவிடுவாரோ என்ற பயத்தில், ஒழுங்காக, தாளம் பிசகாமல், தூக்கம் வருகிற மாதிரி வாசித்துவிட்டுப் போயிருப்பார். எங்கள் அணியின் வாதம் முழுக்க அந்த அரை மூச்சுக்குள்தான் இருக்கிறது. பக்கத்தில் பழகிய ஆள் இருந்தால்தான் பழகாத இடத்துக்குப் போகத் தைரியம் வரும்.

1961-ஆம் வருஷத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இயக்குநர் ஏ. பீம்சிங், நாயகன் சிவாஜி கணேசன். மார்ச் மாதம் 'பாவமன்னிப்பு', மே மாதம் 'பாசமலர்', செப்டம்பரில் 'பாலும் பழமும்'. ஒரே வருஷத்தில் மூன்று. எதிரணி சொல்கிற சோம்பல் வருவதற்கு இதைவிட வசதியான வருஷம் கிடைக்காது. முதல் படத்தில் இஸ்லாமியக் குடும்பத்தில் வளர்ந்த ரஹீம். ஆசிட் ஊற்றி முகம் வெந்துபோகிறது. அந்தக் காலத்தில் சிவாஜியின் முகம் என்றால் தயாரிப்பாளருக்குச் சொத்து ஐயா, அதன் மேல் ஆசிட் ஊற்றுகிறார் இயக்குநர்! புதிதாக வந்த இயக்குநர் ஒருவர் போய், "சார், பாதிப் படத்துக்கு மேல் உங்கள் முகம் இப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு காபி குடித்து முடிக்கும் வரை அந்த வீட்டில் உட்கார்ந்திருக்க முடியுமா?

அம்மா குறுக்கிடப் போகிறார், தெரிகிறது. "பாசமலரிலும் கண் போகிறது, பாலும் பழமும் படத்திலும் கண் போகிறது, இது தேக்கம் இல்லையா?" என்பார். நல்ல கேள்வி. நானே கேட்டுக்கொண்ட கேள்வி என்பதால் நல்ல கேள்வி. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாசமலரில் பார்வை போன அண்ணன், தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு 'கைவீசம்மா கைவீசு' என்று குழந்தைப் பாட்டைச் சொல்கிறான். அங்கே நடிப்பு கண்ணில் இல்லை, கையில் இருக்கிறது. சிறுபிள்ளையில் பிடித்த அதே கை. பாலும் பழமும் படத்தில் பார்வை போவது, புற்றுநோய் ஆராய்ச்சியே உயிர் என்று கிடந்த ஒரு டாக்டருக்கு. எல்லாவற்றையும் தன் கண்ணால் பார்த்துத்தான் நம்புவேன் என்று வாழ்ந்தவன் அவன். அண்ணனுக்குப் போனது கண் மட்டும்தான். டாக்டருக்குப் போனது அவன் ஆணவமும் சேர்த்து. நாலு மாத இடைவெளியில், அதே நடிகரிடம், அதே குறையைக் கொடுத்து வேறு மனிதனை வாங்கியிருக்கிறார் பீம்சிங். தேங்கிய குட்டையில் இப்படி மீன் பிடிக்க முடியாது.

அதற்கு முன்பே 'பாகப்பிரிவினை' எடுத்துவிட்டார்கள். கையும் காலும் முடங்கிய கன்னையன். 'படிக்காத மேதை'யின் ரங்கன் எழுத்து வாசனையே இல்லாதவன். கம்பீரத்துக்குப் பேர்போன நடிகரிடமிருந்து ஒரு படத்தில் உடம்பைப் பிடுங்கினார், ஒரு படத்தில் படிப்பைப் பிடுங்கினார், ஒரு படத்தில் முகத்தை, ஒரு படத்தில் கண்ணை. ஒருவரிடம் என்னென்ன இருக்கிறது என்று தெரிந்தவனால்தான் இப்படி ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டு மீதி என்ன நிற்கிறது என்று பார்க்க முடியும்.

நடுவர் ஐயா, என் தலையைப் பாருங்கள். சிரிக்காமல் பாருங்கள். முப்பது வருஷமாக ஒரே கடையில்தான் முடிவெட்டிக்கொள்கிறேன். ஒரு தடவை வெளியூரில் புதுக்கடைக்குப் போனேன். அந்தத் தம்பி, "எப்படி வெட்டணும் சார்?" என்றார். எப்போதும்போல என்றேன், எப்போதும்போலவே வெட்டிவிட்டார். எங்கள் ஊர்க்காரர் அப்படி இல்லை. நாற்காலியில் உட்கார்ந்ததும், "முன்னால கொட்டிப்போச்சு, இனிமே அந்தப் பழைய வகிடு வேண்டாம்" என்று தானே மாற்றிவிட்டார். பழகியவனுக்குத்தான் ஐயா, எதை மாற்ற வேண்டும் என்று தெரியும்.

நாகேஷ் என்றால் சிரிப்பு என்று ஊரே முடிவுகட்டியிருந்த நேரம். 1965-இல் கே. பாலசந்தர் தன் முதல் படமான 'நீர்க்குமிழி'யில் அவரை நாயகனாக்கி, ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாகப்போகிற நோயாளியாகப் படுக்க வைத்தார். முதல் படம் என்றால் எல்லாரும் பயந்து பயந்து எடுப்பார்கள். இவர் காமெடியனைச் சாகடித்துப் படமெடுக்கிறார். எப்படி முடிந்தது? சினிமாவுக்கு முன்னாலேயே நாடக மேடையில் அந்த ஆளைப் பார்த்துப் பழகியவர் அவர். சிரிக்க வைக்கிற அந்த ஒல்லி உடம்புக்குள் அழ வைக்கிற ஆள் இருப்பது மேடையில் தெரிந்துவிட்டது. மூன்று வருஷம் கழித்து 'எதிர் நீச்சல்'. ஒண்டுக்குடித்தன வீட்டில் எல்லாருக்கும் எடுபிடி வேலை செய்துவிட்டு மாடிப்படிக்குக் கீழே சுருண்டுகொள்கிற மாது என்கிற பையனாக அதே நாகேஷ். அந்த மாதுவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்து, எப்போது தொண்டை அடைத்தது என்றே தெரியாமல் வீட்டுக்கு வந்த தலைமுறை இந்தப் பந்தலில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறது.

எஸ்.பி. முத்துராமன், ரஜினிகாந்த் ஜோடி 25 படம். 25-உம் காவியம் என்று நான் சொன்னால் என் அணித் தலைவரே மைக்கைப் பிடுங்கிவிடுவார். பாட்டும் சண்டையும் அளந்து வைத்துப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் இறக்கிய சரக்கும் அதில் உண்டு. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 1977-இல் 'புவனா ஒரு கேள்விக்குறி'யில் என்ன நடந்தது? நல்ல பிள்ளை சிவகுமாரை ஏமாற்றுக்காரனாக்கி, வில்லனாகவே பார்த்துவந்த ரஜினியை நல்லவனாக்கினார்கள். அந்த ஜோடி சேர்ந்ததே அங்கேதான். அந்தப் பழக்கத்தில்தான் 1979-இல் 'ஆறிலிருந்து அறுபது வரை' வந்தது. சிகரெட்டைத் தூக்கிப் போட்டுப் பிடித்தால் விசில் பறந்த நேரத்தில், தம்பி தங்கைகளுக்காகத் தேய்ந்து நரைத்துப் போகிற அண்ணன் சந்தானம். அடுத்த வருஷமே 'முரட்டுக் காளை'யில் அதே ஆளை ரயில் மேல் ஏற்றிச் சண்டை போட வைத்தார் என்பது வேறு விஷயம். ரயில் மேல் ஏறச் சொன்னாலும் ஏறுவார், சந்தானமாகக் கூனிக் குறுகி நில் என்றாலும் நிற்பார். இந்த இரண்டாவதைக் கேட்கத்தான் பழக்கம் வேண்டும்.

எதிரணித் தம்பி இப்போது குறுக்கே ஒரு வெடி போட்டார். "நாயகன் 1987-இல் வந்தது. மணிரத்னமும் கமலும் மறுபடி சேர்ந்த தக் லைஃப் 2025-இல் வந்தது. ஜனங்கள் எதிர்பார்த்ததைக் கொடுத்ததா?" என்றார். தம்பி, 38 வருஷத்துக்கு ஒரு தடவை சந்தித்தால் அதற்குப் பெயர் கூட்டணி இல்லை, பழைய மாணவர் சந்திப்பு. தொப்பையைப் பார்த்துக்கொள்ளலாம், போட்டோ எடுத்துக்கொள்ளலாம். நடுவில் ஒரு ஏழெட்டுப் படம் சேர்ந்து எடுத்திருந்தால் அந்தக் கதையே வேறு. அது எங்கள் கட்சிக்குத்தான் சாட்சி.

தமிழை விட்டு வெளியே வா என்றும் சவால் விட்டார்கள். வருகிறேன். ஜப்பானில் இயக்குநர் அகிரா குரோசவா, நடிகர் தோஷிரோ மிஃபுனே: 1948 முதல் 1965 வரை 16 படங்கள். கேமரா உதவியாளர் வேலைக்கு விண்ணப்பித்துவிட்டு நடிகர் தேர்வுக்குள் தள்ளப்பட்டவர் மிஃபுனே. முதலில் சேர்ந்த 'டிரங்கன் ஏஞ்சல்' படத்தில் காசநோய் பிடித்த ரௌடி. டாக்டர் திட்டித் திட்டி வைத்தியம் பார்க்கிறார். கடைசிப் படமான 'ரெட் பியர்ட்'டில் அந்த மிஃபுனேதான் டாக்டர்! நோயாளியாக உள்ளே வந்தவர் 17 வருஷத்தில் வைத்தியராக வெளியே போகிறார். நடுவில் 'ஐ லிவ் இன் ஃபியர்' என்று ஒரு படம். அணுகுண்டு விழுந்துவிடுமோ என்று நடுங்குகிற கிழவர் வேஷம். அதைப் போட்ட மிஃபுனேவுக்கு அப்போது வயது 35.

இளைஞர்களே, இந்த 35 உங்களுக்கு எதையோ ஞாபகப்படுத்தவில்லையா? 'பொல்லாதவன்', 'ஆடுகளம்', 'வடசென்னை' என்று வெற்றிமாறனோடு நடந்துவந்த தனுஷ், 'அசுரன்' வந்தபோது 36 வயதுக்காரர். அவரிடம் போய், தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளைக்கு நீதான் அப்பா, அந்தப் பிள்ளை உன்னைக் கோழை என்று நினைப்பான் என்று சொல்ல வேண்டும். தெரியாத இயக்குநர் சொல்லியிருந்தால் நாயகர்கள் எல்லாம் என்ன செய்வார்கள்? "கதை நல்லா இருக்கு, பார்த்துச் சொல்றேன்" என்பார்கள். அந்தப் 'பார்த்துச் சொல்றேன்' எத்தனை உதவி இயக்குநர்களின் தலைமுடியை வெளுக்க வைத்திருக்கிறது என்று கோடம்பாக்கத்தில் கேட்டுப் பாருங்கள். சிவசாமி வேஷத்துக்குத் தேசிய விருதே வந்தது.

இனி அம்மாவின் இரண்டாவது குற்றச்சாட்டு. புதுமுகத்துக்குக் கதவு அடைபடும் என்றார். கதவு என்ற சொல்லை அவர் எடுத்தது என் அதிர்ஷ்டம். 1975, 'அபூர்வ ராகங்கள்'. படம் முழுக்கப் பாலசந்தரின் ஆஸ்தான ஆட்கள்: கமல், நாகேஷ், மேஜர் சுந்தரராஜன். திடீரென்று ஒரு கேட்டைத் தள்ளித் திறந்துகொண்டு, தாடியும் கசங்கின கோட்டுமாக ஒருவர் உள்ளே வருகிறார். அந்த முகத்தை அதுவரை தமிழ்நாட்டில் யாருக்கும் தெரியாது. ரஜினிகாந்த்! மற்ற எல்லா இடத்திலும் பழகிய ஆட்கள் தாங்கிப் பிடித்திருந்ததால்தான், அந்த ஓர் இடத்தில் முன்பின் தெரியாத ஒருவரை நிறுத்த இயக்குநருக்குத் துணிச்சல் வந்தது. கதவு அடைபட்டதா அம்மா, திறந்ததா?

மணி ஒரு தடவை அடித்துவிட்டது. ஐயா, இரண்டே நிமிஷம். இவ்வளவு நேரம் ஆண் நடிகர்களையே பேசிவிட்டேன், தாய்மார்கள் பக்கம் முறைப்பு தெரிகிறது. எதிரணி தங்கள் துருப்புச் சீட்டாக வைத்திருப்பது பாரதிராஜாவை. "படத்துக்குப் படம் புதுமுகம் போட்டவர், பாருங்கள் அவர் சாதனையை" என்பார்கள். உண்மைதான், போட்டார். 1978-இல் 'கிழக்கே போகும் ரயில்'. பாஞ்சாலியாக ராதிகா என்ற சின்னப்பெண்ணை அறிமுகம் செய்தார். சரி, அதோடு விட்டாரா? 15 வருஷம் கழித்து 'கிழக்குச் சீமையிலே' எடுக்கும்போது, அண்ணனுக்கும் புருஷனுக்கும் நடுவில் கிடந்து கிழிபடுகிற விருமாயிக்கு ஆள் வேண்டியிருந்தது. புதுமுகங்களின் இயக்குநர் அன்றைக்குப் புதுமுகத்தைத் தேடவில்லை. எந்தப் பெண்ணைக் கைபிடித்துக் கேமரா முன்னால் நிறுத்தினாரோ, அதே ராதிகாவைத்தான் கூப்பிட்டார்.

எனக்கு அடுத்துப் பேச வருகிற எதிரணித் தம்பி, விருமாயிக்கு வேறு யாரைப் போட்டிருக்கலாம் என்று ஒரே ஒரு பெயரைச் சொல்லிவிட்டுத் தன் பேச்சைத் தொடங்கட்டும். நடுவர் ஐயா, அவர் யோசிக்கிற நேரத்தை என் கணக்கில் சேர்க்க வேண்டாம். வணக்கம்.