மாடிச் சாவி யாரிடம் இருக்கிறது?

(ஆகஸ்ட் 20, உலகக் கொசு தினத்தன்று ஒரு கலை அறிவியல் கல்லூரியில் பேசியது. கொடுத்த நேரம் முப்பது நிமிடம், எடுத்துக்கொண்டது ஐம்பது. எழுதும்போது அங்கங்கே குறைத்திருக்கிறேன், கோழிக் கதையைக் குறைக்க மட்டும் மனம் வரவில்லை.)

பெருமதிப்பிற்குரிய தாளாளர் ஐயா அவர்களே, முதல்வர் அம்மா அவர்களே, காலையிலிருந்து மூன்று நிகழ்ச்சி முடித்துவிட்டு நான்காவதாக இங்கே வந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, என்னைத் தொலைபேசியில் விடாமல் துரத்திப் பிடித்து வந்த விலங்கியல் துறைத் தலைவர் அவர்களே, அழகாக வரவேற்புரை சொன்ன தங்கச்சியே, கடைசி வரிசையில் கதவுக்குப் பக்கத்தில் இடம் பிடித்திருக்கும் தம்பிகளே, எல்லாருக்கும் வணக்கம்.

தாளாளர் ஐயா பொன்னாடை போர்த்தினார், நன்றி. என் வீட்டில் இதுவரை அறுபத்தி இரண்டு பொன்னாடை சேர்ந்திருக்கிறது, என் மனைவி அதையெல்லாம் என்ன செய்வது என்று தெரியாமல் பரணில் ஏற்றி வைத்திருக்கிறார். அடுத்த முறை கூப்பிட்டால் அந்தக் காசுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி மூடி வாங்கி யாராவது ஒரு வீட்டுக்குக் கொடுங்கள் ஐயா, என் பேரைச் சொல்லிக்கூட கொடுக்க வேண்டாம். ஏன் மூடி என்று கேட்பீர்கள், வருகிறேன்.

அழைப்பிதழில் தலைப்பு "உலகப் பொதுச் சுகாதாரச் சவால்கள், நகர வளர்ச்சி, இளைஞர்களுக்கான வேலைவாய்ப்புகள்" என்று போட்டிருக்கிறார்கள். படித்து முடிக்கவே மூச்சு வாங்குகிறது. நான் முப்பத்தி நாலு வருடம் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன், உலகத்தை எனக்கு அவ்வளவாகத் தெரியாது, மொட்டை மாடிகளைத் தெரியும். இருந்தாலும் நாலு விஷயம் பேசலாம் என்று குறித்து வந்திருக்கிறேன். ஒன்று கொசு. இரண்டு நகரத்து வெயில். மூன்று, மருந்துக்கு மசியாத கிருமிகள். நாலு, வேலை. கொசுவிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

இன்றைக்கு ஏன் கொசு தினம்? 1897ஆம் வருடம் இதே ஆகஸ்ட் 20, செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் என்ற ராணுவ மருத்துவர் ஒரு கொசுவை அறுத்துப் பார்த்து, அதன் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டார். அதற்கு முன்னால் அந்தக் கொசு மலேரியா வந்த ஒருவரைக் கடித்திருக்க வேண்டுமல்லவா? அவர் பெயர் ஹுசைன் கான். ஒரு கொசு கடித்தால் ஓரணா என்று பேச்சு. ராஸுக்கு 1902இல் நோபல் பரிசு கிடைத்தது, ஹுசைன் கானுக்குச் சில அணாக்கள். நான் ராஸைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஹுசைன் கானை மறந்துவிடாதீர்கள், கடைசியில் அவரிடம்தான் திரும்பி வருவேன்.

சரி, உலகச் சவால். 2023இல் மட்டும் உலகத்தில் மலேரியாவால் செத்தவர்கள் சுமார் 5,97,000 பேர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது, பெரும்பாலும் ஆப்பிரிக்கக் குழந்தைகள். ஆப்பிரிக்காவில் மலேரியா என்றால் கிராமத்து நோய், மழைக்காலத்து நோய். குட்டை குழியில் மழைத் தண்ணீர் தேங்கும், கொசு பெருகும். நகரத்தில் அவ்வளவு இருக்காது. அப்படித்தான் எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

ஆப்பிரிக்காவின் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில் ஜிபூட்டி என்று ஒரு சின்ன நாடு, துறைமுகம்தான் அவர்கள் பிழைப்பு. 2012இல் அந்த நாடு முழுக்கப் பதிவான மலேரியா 27 பேருக்கு. கிட்டத்தட்ட ஒழித்துவிட்டார்கள், இனிப்பு கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. அதே வருடம் அங்கே ஒரு புதுக் கொசு தென்பட்டது. 2020இல் பதிவானது எழுபத்து மூவாயிரத்துக்கும் மேல். இருபத்தேழு எங்கே, எழுபத்து மூவாயிரம் எங்கே!

அந்தக் கொசு யார் தெரியுமா? நம்ம ஆள். அனாபிலஸ் ஸ்டீபன்சி. இந்தியாவிலும் அரபு நாடுகளின் பக்கமும் காலங்காலமாக இருப்பது, சென்னையின் கிணறுகளிலும் மாடித் தொட்டிகளிலும் வளர்ந்து சென்னைக்கே மலேரியா கொடுத்தது. அதற்குக் குட்டையும் சேறும் தேவையில்லை, நல்ல தண்ணீர், மூடாத தொட்டி, பக்கத்தில் மனிதர்கள், இது போதும். அதனால் மழையே இல்லாத மாதத்திலும் நகரத்தில் மலேரியா பரப்பும். 2022இல் எத்தியோப்பியாவின் டிரே டாவா நகரத்தில் அப்படித்தான் கோடையில் பரவியது. ஆப்பிரிக்க நகரங்களில் இந்தக் கொசு முழுக்கப் பரவினால் இன்னும் 12.6 கோடிப் பேருக்கு ஆபத்து என்று 2020இல் ஆராய்ச்சியாளர்கள் கணக்குப் போட்டார்கள். பக்கத்தில் இலங்கையைப் பாருங்கள். 2016 செப்டம்பரில் மலேரியா இல்லாத நாடு என்று சான்றிதழ் வாங்கினார்கள், பாடுபட்டு வாங்கிய சான்றிதழ், அந்த டிசம்பரிலேயே மன்னாரில் இந்தக் கொசு கண்ணில் பட்டது. நல்லவேளை, அவர்கள் தேடிக்கொண்டே இருந்தார்கள், அதனால் பட்டது.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவும் இதே ரகம்தான், நல்ல தண்ணீர்க்காரி. 2024இல் உலகத்தில் பதிவான டெங்கு ஒரு கோடியே நாற்பது லட்சத்தைத் தாண்டியது.

இதற்கும் நகர வளர்ச்சிக்கும் என்ன சம்பந்தம்? உலக மக்களில் பாதிக்கும் மேல் இப்போது நகரத்தில் இருக்கிறார்கள், தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பிலேயே 48.4 சதவீதம். வீடு கூடிக்கொண்டே போகிறது, குழாய்த் தண்ணீர் மட்டும் நாலு நாளுக்கு ஒரு தடவை. நாலு நாளுக்கு ஒரு தடவை தண்ணீர் வந்தால் ஜனங்கள் என்ன செய்வார்கள், பிடித்துத்தான் வைப்பார்கள். குடம், டிரம், கீழே ஒரு சம்ப், மேலே இரண்டு தொட்டி. தினமும் தண்ணீர் வரும் ஊரில் யாரும் டிரம் வாங்குவதில்லை. ஆக, கொசு வளர்ப்பது ஜனங்களின் அழுக்குப் புத்தி என்று பேசாதீர்கள், தண்ணீருக்கு அலைய விட்டது யார் என்று கேளுங்கள். நகர்மன்றத் தலைவர் சிரிக்கிறார். உங்களைச் சொல்லவில்லை தலைவரே, உங்களுக்கு முன்னால் இருந்தவர்களைச் சொல்கிறேன். அவர்களும் தங்களுக்கு முன்னால் இருந்தவர்களைத்தான் சொல்வார்கள்.

எனக்குப் பிடித்த பழமொழி ஒன்று. "கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் காட்டுவானாம்." உலகச் சுகாதார மாநாடு என்றதும் எனக்கு இதுதான் ஞாபகம் வரும். இதில் ஒரு வேடிக்கை, நான் நிஜமாகவே கூரை ஏறிக் கோழி பிடித்தவன்.

பதினைந்து வருடத்துக்கு முன்னால், திருநெல்வேலிப் பக்கம் ஒரு ஊர். ஒரே தெருவில் ஐந்து பிள்ளைகளுக்கு டெங்கு. தெருவை அலசிவிட்டோம். டயர், கொட்டாங்குச்சி, ஆட்டுக்கல், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, ஒன்று விடவில்லை. மூன்று நாள் புகை அடித்தோம், சின்னப் பிள்ளைகள் பின்னாலேயே ஓடி வந்தார்கள், ஜனங்களுக்கும் திருப்தி. புகை என்பது பறக்கிற கொசுவை அந்த நேரத்துக்குக் கொல்லும், தண்ணீரில் இருக்கும் புழுவை ஒன்றும் செய்யாது. நாலாம் நாள் ஆறாவது பிள்ளைக்குக் காய்ச்சல்.

தெருவில் ஒரே ஒரு வீட்டு மாடி மட்டும் பார்க்காதது. பெரிய வீடு, இரண்டு மாடி. போய் நின்றால் ஒரு ஆச்சி. "தம்பி, எங்க வீட்ல காலையிலயும் சாயங்காலமும் சாம்பிராணி போடுதோம், இங்க எப்படிக் கொசு வரும்?" சரி ஆச்சி, மாடியை மட்டும் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன். "சாவி பேரன்கிட்ட இருக்கு." பேரன் எங்கே? "பெங்களூர்ல." பெங்களூரில் இருப்பவனுக்கு மொட்டை மாடிச் சாவி எதற்கு என்று நான் கேட்கவில்லை, ஆச்சியே சொன்னார், பக்கத்து வீட்டுப் பையன்கள் ஏறிப் பட்டம் விடுகிறார்களாம், அதனால் பூட்டி எடுத்துப் போய்விட்டானாம்.

பக்கத்து வீட்டு அண்ணாச்சியிடம் நீளமான ஏணி இருந்தது. கேட்டேன். அண்ணாச்சிக்கும் ஆச்சிக்கும் சுவர்த் தகராறு, பதினோரு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை, "அவுக வீட்டுச் சுவர்ல என் ஏணி சாயாது சார்" என்று சொல்லிவிட்டார். டெங்கு என்றேன், ஆறு பிள்ளைகள் என்றேன், கலெக்டர் என்றேன், மசியவில்லை. அப்புறம் அவராகவே புலம்பினார். "நானே அடைக்கோழியை மூணு நாளாக் காணோம்னு தேடிட்டு இருக்கேன், நீங்க வேற." எனக்குப் பொறி தட்டியது. அண்ணாச்சி, இப்போது ஆச்சி வீட்டு மாடியில் ஏதோ கொக்கரித்த மாதிரி இருந்ததே என்றேன். கேட்டதா என்றால் சத்தியமாகத் தெரியாது, கேட்டது மாதிரி இருந்தது. அடுத்த நிமிடம் ஏணி சாய்ந்துவிட்டது, முதலில் ஏறியதும் அவர்தான்!

ஏறிப் பார்த்தால், சொன்னால் நம்ப மாட்டீர்கள், கோழி அங்கேதான் இருக்கிறது. தொட்டி நிழலில் ஒன்பது முட்டையை வைத்து அடைகாக்கிறது. அண்ணாச்சி கோழியைப் பிடிக்கப் போக, அது என் மேல் பாய்ந்து, நான் பிடித்து, கையெல்லாம் கீறல். அப்புறம்தான் தொட்டியைப் பார்த்தேன். இரண்டு தொட்டி. ஒன்றுக்கு மூடி சரியாக இருந்தது. இன்னொன்றின் மூடி காற்றில் போய்விட்டது போல, அதற்குப் பதில் பேரனின் கல்யாண ஃபிளெக்ஸ் பேனரைப் போர்த்திக் கயிறு கட்டியிருந்தார்கள். பேனர் நடுவில் தொய்ந்து மழைத் தண்ணீர் நிற்கிறது, மாப்பிள்ளை பெண்ணு முகத்துக்கு மேல் புழு நெளிகிறது. பேனரை விலக்கினால் தொட்டிக்குள் அரிசி கொதிக்கிற மாதிரி.

ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துக் கீழே கொண்டுபோய் ஆச்சியிடம் காட்டினேன். "இது என்ன தம்பி, மீன் குஞ்சா?" இல்லை ஆச்சி, உங்கள் பேரன் கல்யாணத்துக்கு வந்த விருந்தாளிகள், இன்னும் கிளம்பவில்லை என்றேன். ஆச்சி அன்றைக்கே ஆசாரியைக் கூப்பிட்டுப் பூட்டை உடைத்தார். மூன்று வாரத்தில் தெருவில் புதுக் காய்ச்சல் நின்றது. அந்த ஒரு தொட்டிதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன், அதே வாரம் வேறு பத்துத் தொட்டிகளையும் கழுவினோம். முட்டை என்ன ஆனது என்று அந்தத் தங்கச்சி கேட்கிறார். ஏழு பொரித்தது.

இரண்டாவது, வெயில். துண்டுச்சீட்டு வந்துவிட்டது, பத்து நிமிடமாம். வெயிலையும் கிருமிகளையும் இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். வெயில் முக்கியமான விஷயம், ராத்திரியிலும் ஆறாத கான்கிரீட் வீட்டில் முதியவர்கள் படும் பாடு தனிப் பேச்சு.

வேலைக்கு வருகிறேன், பெற்றோர்களும் வந்திருக்கிறீர்கள். பொதுச் சுகாதாரம் என்றால் எம்பிபிஎஸ் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். விலங்கியல் படிக்கிறவர்கள் கவனியுங்கள், பாண்டிச்சேரியில் நோய்ப்பரப்பிகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் இருக்கிறது, அங்கே பொதுச் சுகாதாரப் பூச்சியியலில் எம்.எஸ்ஸி. இருக்கிறது. ஒல்பாக்கியா என்ற பாக்டீரியாவைக் கொசுவுக்குள் ஏற்றி டெங்கு பரவாமல் தடுக்கிறார்களே, இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரத்தில் அதனால் டெங்கு 77 சதவீதம் குறைந்தது, அந்த வகைக் கொசுவைப் பாண்டிச்சேரியிலேயே உருவாக்கி வைத்திருக்கிறார்கள். சென்னையில் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் இருக்கிறது. கணக்கு, புள்ளியியல் படித்தவர்களுக்கு நோய்க் கணக்கில் பெரிய இடம் உண்டு. பிளஸ் டூ முடித்துச் சுகாதார ஆய்வாளர் பயிற்சிக்கும் போகலாம், நான் அந்த வழி. 1939லேயே பொதுச் சுகாதாரச் சட்டம் போட்ட மாகாணம் இது, கொசு ஒழிப்புக்கென்றே அதில் தனி அத்தியாயம் உண்டு. இந்த ஊரில் இந்த வேலைக்கு மரியாதை இல்லாமல் வேறு எங்கே இருக்கும்?

இருக்கிறதா? அதைத்தான் சொல்ல வந்தேன். இப்போது மாடி ஏறித் தொட்டி பார்க்கிறது யார்? டெங்கு கொசு ஒழிப்புப் பணியாளர்கள், பெரும்பாலும் பெண்கள், கையில் ஒரு டார்ச், தண்ணீரில் இருக்கும் புழுவைக் கொல்லும் அபேட் மருந்து, ஒரு நோட்டு. தினக்கூலி. நான் வேலை பார்த்த இடங்களில் காய்ச்சல் கூடும்போது கூப்பிட்டார்கள், பேப்பரில் செய்தி நின்றதும் நிறுத்தினார்கள். ஏடிஸ் முட்டை தண்ணீரில்லாமல் காய்ந்து தொட்டிச் சுவரில் மாதக்கணக்கில் ஒட்டியிருக்கும், தண்ணீர் பட்டதும் பொரிக்கும், ஒரு வாரம் பத்து நாளில் கொசு. முட்டை லீவு எடுப்பதில்லை, அதைத் தேட வேண்டிய பெண்ணுக்கு மட்டும் நாம் கட்டாய லீவு கொடுக்கிறோம். பிறகு சர்வதேச மாநாட்டில் போய்ப் பேசுகிறோம். கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன்... மீதியை நீங்களே சொல்கிறீர்கள், சந்தோஷம்.

நான் கேட்பது இரண்டுதான், எந்த மேடை ஏறினாலும் இதைத்தான் கேட்கிறேன். அந்தப் பணியாளர்களுக்கு வருடம் பன்னிரண்டு மாதமும் வேலை, மாதச் சம்பளம், அடையாள அட்டை. ஹுசைன் கானுக்குப் போட்ட ஓரணாக் கணக்கு இன்னும் போகவில்லை. அப்புறம், புது வீட்டுக்குத் திட்ட அனுமதி கொடுக்கும்போது தொட்டிக்குப் பூட்டுப் போட்ட மூடி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தண்ணீர் இணைப்பு கொடுங்கள். தலைவர் குறித்துக்கொள்கிறார், நன்றி தலைவரே, உங்கள் பேனாவை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இன்னொரு துண்டுச்சீட்டு. முடித்துவிடுகிறேன். காலையில் அரைமணி முன்னதாகவே வந்துவிட்டேன், உட்கார வைத்துக் காபி கொடுத்தார்கள். காபி ஆறும் நேரத்தில் விடுதிப் பக்கம் நடந்து போய்க் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தேன். ஆறு தொட்டி தெரிந்தது, கிழக்கோரம் இருப்பதற்கு மூடி இல்லை, மேலே ஏதோ துணியோ பேனரோ படபடக்கிறது. மாடிக் கதவில் பூட்டு. முதல்வர் அம்மா, சாப்பாடு பன்னிரண்டரைக்குத்தான் என்றார்கள். சாவி யாரிடம் இருக்கிறது?