திரைக்கு இந்தப் பக்கம் யார்?

நேயர்களுக்கு வணக்கம். இணையவழி மருத்துவம் என்றதும், கைபேசித் திரையில் தெரியும் மருத்துவரின் முகம்தான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. நான் இன்று பேச விரும்புவது, திரைக்கு இந்தப் பக்கம் நோயாளியின் அருகில் இருப்பவரைப் பற்றி.

மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 1976-இல் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையை அறியாதவர்கள் குறைவு. அதன் தேனி கிளையைச் சுற்றியுள்ள ஊர்களில் சிறுசிறு பார்வை மையங்கள் இயங்குகின்றன. அங்கே மருத்துவர் இருக்க மாட்டார். பள்ளிப் படிப்பை முடித்துக் கண் பரிசோதனையில் முறையான பயிற்சி பெற்ற பெண்கள் இருப்பார்கள்; பெரும்பாலும் கிராமங்களில் வளர்ந்தவர்கள். பார்வையை அளப்பதும், ஸ்லிட் லேம்ப் கருவியில் கண்ணைப் பார்த்துப் படமெடுப்பதும், கண் அழுத்தத்தைக் குறிப்பதும் அவர்கள்தான். அதன் பிறகே மருத்துவமனையில் உள்ள மருத்துவர் காணொளியில் வந்து நோயாளியிடம் பேசி முடிவு சொல்கிறார். கண்ணாடி போதும் என்றால் அங்கேயே வேலை முடிந்துவிடும். புரை முற்றி அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் மட்டுமே பஸ் ஏற வேண்டியிருக்கும்.

இந்த ஏற்பாடு தொடங்கிய 2000-களின் நடுப்பகுதியில் கிராமங்களில் இணைய வசதி மிக மோசம். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒரு வீட்டுக்குள் எட்டுவதற்கே திணறும் வைஃபை அலைகளைப் பல கிலோமீட்டர் செல்லும்படி மாற்றியமைத்துக் கொடுத்தார்கள். அருமையான வேலை. ஆனாலும் அந்தப் பெண்களின் தேர்ந்த கைகள் இல்லாதிருந்தால், மருத்துவர் தீர்ப்புச் சொல்வதற்கு எதுவும் வந்து சேர்ந்திருக்காது என்பதே என் உறுதியான எண்ணம்.

மத்திய அரசின் இணையவழி மருத்துவச் சேவையான இ-சஞ்சீவனியில் இரண்டு வழிகள் உண்டு. 2019 நவம்பரில் தொடங்கிய முதல் வழியில், நலவாழ்வு மையத்துப் பணியாளர் நோயாளியை அருகில் வைத்துக்கொண்டு மருத்துவரை அழைப்பார். 2020 ஏப்ரலில், ஊரடங்கின்போது வந்த இரண்டாவது வழியில், வீட்டிலிருந்தபடி நாமே பேசலாம். மருத்துவமனைக்குப் போகவே அஞ்சிய அந்த நாட்களில் இது பெரும் ஆறுதல். ஆனால் வயிற்றை அழுத்திப் பார்க்கவும், நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்கவும் அங்கே ஆள் கிடையாது. ஆகவே முதியவர்களுக்கும், பல நோய்களுக்கு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் நான் முதல் வழியையே பரிந்துரைப்பேன்.

தொலை மருத்துவத்துக்கான இந்திய நெறிமுறைகள் 2020 மார்ச் 25 அன்று வெளியாயின. அவற்றின்படி, பேசுகின்ற மருத்துவரின் பெயரையும் பதிவு எண்ணையும் அறிய உங்களுக்கு உரிமை இருக்கிறது. போதை தரும் வகை மருந்துகளை இப்படி எழுதித் தரக் கூடாது. நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்று மருத்துவர் சொன்னால் தட்டிக்கழிக்கிறார் என்று எண்ணாதீர்கள். அது அவருடைய கடமை. நெஞ்சுவலி, திடீரென ஒரு பக்கக் கை கால் தளர்வது, மூச்சுத் திணறல் ஆகியவற்றுக்குக் காணொளியைத் தேடி நேரத்தைப் போக்க வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள்.

வீட்டிலிருந்தே பேசுவதானால், அருகில் இருப்பவரின் வேலையை வீட்டில் ஒருவர் செய்ய வேண்டும். சாப்பிடும் மாத்திரை அட்டைகள் அனைத்தையும், பழைய மருந்துச் சீட்டுகளையும் எடுத்து வையுங்கள். வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்கார வையுங்கள். இரத்த அழுத்தம், சர்க்கரை அளவு தெரிந்தால் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். பல வீடுகளில் கைபேசி மகனிடமோ கணவரிடமோதான் இருக்கிறது. மாதவிடாய்க் கோளாறையோ, சிறுநீர் கசிவதையோ, மனச் சோர்வையோ அவர்கள் முன்னிலையில் ஒரு பெண் எப்படிச் சொல்வாள்? காய்ச்சல் என்று மட்டும் சொல்லி முடித்துவிடுவாள். அழைப்பை இணைத்துக் கொடுங்கள், மாத்திரைகளைக் காட்டுங்கள். பிறகு கைபேசியை அந்தப் பெண்ணிடமே கொடுத்து, தனியாக ஏதாவது பேச வேண்டுமா என்று கேளுங்கள். ஆம் என்றால் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுங்கள். நன்றி, வணக்கம்.