தகரம் போத்துன வீடு

எல்லாருக்கும் வணக்கம். பின்னாடி கேக்குதுங்களா? சரி. சாப்பாட்டுக்கு முன்னாடி என்னைய பேச விட்டிருக்காங்க, அதனால ஒரே ஒரு வீட்டப் பத்தி மட்டும் பேசிட்டு உக்காந்துடறேன்.

டெக்சாஸ்ல ஆஸ்டின்ல இருந்து மேற்கால 290 ரோட்டப் புடிச்சுப் போனா ஜான்சன் சிட்டி தாண்டி ஸ்டோன்வால்னு ஒரு சின்ன ஊரு வரும், பீச் பழத்துக்குப் பேர்போன ஊரு. அங்க ஒரு ஸ்டேட் பார்க்குக்குள்ள சாவர்-பெக்மன் ஃபார்ம்னு ஒரு பழைய ஜெர்மன் பண்ணை இருக்கு. மொத தடவ போனப்ப நான் ஏமாந்துட்டேன். ஜெர்மன்காரன் வீடுன்னு சொன்னாங்க, போய்ப் பாத்தா அந்தக் காலத்து அமெரிக்க டவுன்ல இருக்கற மாதிரி ஒரு வீடு, சுவர் பூரா அச்சுல அடிச்ச தகரம். இதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம்னு நெனச்சுக்கிட்டே பக்கவாட்டுல சுத்திப் போனேன் பாருங்க, அங்கதான் விஷயம் இருக்கு. தகர வீட்டுல இருந்து ஒரு தாழ்வாரம் போகுது, அது போய் முட்டற எடத்துல ஒரு பழைய கல்லு வீடு, அந்தக் கல்லு வீட்டோட ஒட்டி பலகையில ஒரு ரூமு. மூணும் மூணு தினுசு.

யாரு கட்டுனதுன்னா, யோஹான் சாவர், அவரு சம்சாரம் கிறிஸ்டினா, நாலு புள்ளைங்க, 1869ல அந்த நெலத்துக்கு வர்றாங்க. அதுக்கு முன்கதை ஒண்ணு இருக்கு, சுருக்கமா சொல்லிடறேன். 1842ல ஜெர்மனியில சில பிரபுக்கள் சேந்து ஒரு சங்கம் ஆரம்பிச்சு, டெக்சாஸ்ல நெலம் தர்றோம் வாங்கன்னு ஆயிரக்கணக்குல ஜனங்களக் கப்பல் ஏத்துனாங்க. கடற்கரையில எறக்கி விட்டுட்டு உள்ள கூட்டிட்டுப் போக வண்டி இல்ல, காசும் இல்ல, சீக்குல நூத்துக்கணக்குல செத்தே போனாங்க. அந்த சங்கத்து மூலமா வந்தவங்க போட்ட ஊருங்கதான் 1845ல நியூ பிரான்ஃபெல்ஸ், 1846ல ஃப்ரெடரிக்ஸ்பர்க். 1847ல மொய்செபாக்னு அவங்க தலைவரு அந்த மண்ணோட பூர்வகுடிங்களான கமாஞ்சி மக்களோட ஒரு ஒப்பந்தம் போட்டாரு, அதுக்கப்புறம்தான் சுத்துவட்டாரத்துல ஜெர்மன் குடியானவங்க பரவ முடிஞ்சது. ஸ்டோன்வால் பக்கமும் அப்படி வந்ததுதான்.

சரி, வீட்டுக்கு வருவோம். அந்தப் பக்கம் மண்ணு கம்மி, சுண்ணாம்புக்கல்லு ஜாஸ்தி. ஏர் ஓட்டுனா கல்லுதான் வரும், அதப் பொறுக்கி ஓரமா அடுக்குனா வேலி, சாந்து வெச்சு அடுக்குனா சுவரு. ஜெர்மன்காரங்களுக்கு ஊர்லயே மரச்சட்டம் போட்டு நடுவுல கல்லோ செங்கல்லோ அடைச்சுக் கட்டற பழக்கம் உண்டு. இங்க வந்து மரக்கட்டைய அடுக்கி வீடு கட்டும்போதும் அதே கைதான் வேலை செஞ்சிருக்கு, ரெண்டு கட்டைக்கு நடுவுல பெரிய சந்து விட்டு அதுல கல்லத் திணிச்சு சுண்ணாம்பு பூசிடுவாங்க. அந்த வட்டாரத்துல ஒரு பழைய குடிசையப் பாத்து கட்டுனவன் ஜெர்மன்காரனான்னு கண்டுபுடிக்கணும்னா, மொதல்ல அந்த சந்தப் பாக்கலாம்.

சாவர் குடும்பமும் கல்லும் மரக்கட்டையும் வெச்சுத்தான் ஆரம்பிச்சாங்க, 1885க்குள்ள அதுக்குப் பக்கத்துலயே நெறைய கல்லுக் கட்டடம் வந்துடுச்சு. நாலு புள்ளைங்களா இருந்தது பத்துப் புள்ளைங்களாச்சு. அந்தப் பத்துல ஒரு பொண்ணு அகஸ்டா, கல்யாணம் ஆகி லிண்டிக் வீட்டுக்குப் போச்சு, அக்கம்பக்கத்துக்கு அதுதான் மருத்துவச்சி. இந்தப் பேர மறந்துடாதீங்க, கடைசியில வரும்.

1900ல பண்ணை பெக்மன் குடும்பத்துக்குக் கைமாறுது. அவங்களும் ஜெர்மன்காரங்கதான். பதினஞ்சு வருஷம் அந்தக் கல்லு வீட்டுலயே ஓடுது. 1915ல பருத்தி அமோகமா வெளஞ்சுது. எமில் பெக்மன், எம்மா பெக்மன், புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் அந்த ஒரு வெள்ளாமை காசுல என்னென்ன பண்ணாங்கன்னா, புதுசா ஒரு பெரிய கொட்டகை, கல்லு வீட்டோட ஒட்டி பலகை ரூமு, அப்புறம் நான் மொதல்ல சொன்ன அந்தத் தகரம் போத்துன விக்டோரியன் வீடு, ரெண்டையும் சேக்கற தாழ்வாரம். எனக்கு இதுல புடிச்சது என்னன்னா அவங்க பழச இடிக்கல. காசு வந்தா நம்மள்ல பாதிப் பேரு மொதல்ல கடப்பாரையத்தான் தூக்குவோம், நானும் எங்க அப்பா கட்டுன வீட்ட அப்படித்தான் பண்ணேன், அத இங்க பேச வேணாம்.

ஆனா ஒண்ணு கவனிங்க, அடியடியா கனமான கல்லுச்சுவரு கட்டுன ஆளுங்க எதுக்குத் தகரத்துக்குப் போனாங்க? வெயிலுக்கு கல்லுதான் குளுமை, அது அவங்களுக்குத் தெரியாமயா இருந்திருக்கும். அது ஃபேஷன்ங்க. கல்லு கையில கட்டறது, தகரம் ஃபேக்டரியில இருந்து வர்றது, காசு குடுத்து வாங்குனது, ரோட்டுல போறவனுக்குத் தெரியணும். 1913லதான் ஃப்ரெடரிக்ஸ்பர்க்குக்கே ரயில் வந்துச்சு, வெளியூரு சாமான் எல்லாம் சுலபமா கெடைக்க ஆரம்பிச்ச நேரம். இது என் அபிப்பிராயம்தான், ஆனா வாசல் பக்கம் பாத்தா அமெரிக்கன், கொல்லப்பக்கம் பாத்தா ஜெர்மன்னு அந்த வீடே நிக்குது. பின்னாடி பன்னிக்கறிய உப்புப் போட்டு புகை காட்டற ரூமு இருக்கு, குளிர் காலத்துல பன்னிய வெட்டி சாசேஜ் பண்ணி அங்கதான் தொங்க விடுவாங்க, அதுக்கு எந்த ஃபேஷனும் தேவைப்படல.

அந்த அமெரிக்க வாசலும் வீண்போகல. ரெண்டே வருஷத்துல, 1917ல, அமெரிக்கா ஜெர்மனி மேல போருக்குப் போகுது. 1918ல டெக்சாஸ் கவர்மெண்ட் ஸ்கூல்ல எல்லாம் இங்கிலீஷ்லதான் பாடம் நடத்தணும்னு சட்டமே போட்டாங்க. அப்பவும் வீட்டுக்குள்ள அவங்க பேசுனது டெக்சாஸ் ஜெர்மன்தான், ஊர்க்காரங்களே உண்டாக்குன வார்த்தையெல்லாம் அதுல இருக்கு. ஸ்கங்க்னு ஒரு நாத்தம் புடிச்ச பிராணி இருக்கில்ல, அதுக்கு அவங்க பேரு ஷ்டிங்க்காட்சே, நாத்தப்பூனை. நம்மாளு வெச்சிருந்தாலும் இதத்தான் வெச்சிருப்பான். இப்ப அந்த பாஷை பேசறவங்க கொஞ்ச பேருதான் மிச்சம், எல்லாம் வயசானவங்க.

1966ல எட்னா பெக்மன் ஹைட்டவர்னு அந்தக் குடும்பத்து அம்மா பண்ணைய டெக்சாஸ் பார்க்ஸ் டிபார்ட்மெண்டுக்கு வித்துட்டாங்க. ரிப்பேர் எல்லாம் முடிச்சு 1975ல தெறந்து விட்டாங்க. இப்ப போனாலும் வேலைக்காரங்க அந்தக் கால உடுப்புல மாட்டப் பீச்சி, வெண்ணெய் எடுத்து, வெறகடுப்புல சமைச்சு, காரச் சோப்பு போட்டு பலகைத் தரையத் தேய்ச்சுக்கிட்டு இருப்பாங்க.

இப்ப அகஸ்டாவுக்கு வருவோம். 1908 ஆகஸ்ட் மாசம் பெடர்னாலஸ் ஆத்தங்கரையில ஒரு வீட்டுல பிரசவ வலி, அகஸ்டா லிண்டிக்தான் பிரசவம் பாத்தது. பொறந்த பையன் பேரு லிண்டன் ஜான்சன். 1966ல அகஸ்டா குடும்பம் ஆரம்பிச்ச பண்ணைய கவர்மெண்ட் வாங்குச்சுல்ல, அப்ப வாஷிங்டன்ல பிரசிடெண்டா உக்காந்திருந்தது அந்தப் பையன்தான்.

சாம்பார் வாசம் வந்துடுச்சு. உக்காந்துடறேன்.