கழுத்துக் கோணலா, கண் கோணலா?

நேயர்களுக்கு வணக்கம். மாறுகண் என்றதும் மூக்குப் பக்கமோ காதுப் பக்கமோ ஒதுங்கிய கண்தான் நினைவுக்கு வரும். அதை அதிர்ஷ்டம் என்று சொல்லிப் பிள்ளையை மருத்துவரிடம் காட்டாதவர்களும் உண்டு. அந்தப் பேச்சை எடுத்தால் எனக்குக் கோபம் வரும், வேண்டாம். இன்று சொல்ல வந்தது ஒரு கண் மேலேறி நிற்கிற வகை. இதைப் பல நேரம் கண்ணைவிடக் கழுத்துதான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

ஐம்பதை நெருங்கிய தையல்காரர் ஒருவர் வந்தார். சில மாதங்களாக மாடிப்படி இறங்கும்போது ஒரு படி, மேலும் கீழுமாக இரண்டாகத் தெரிகிறது; ஒரு கண்ணை மூடினால் சரியாகிவிடுகிறது. மூளையில் ஏதோ என்று வீடே நடுங்கிப்போயிருந்தது. "உங்கள் கல்யாண ஆல்பத்தைக் கொண்டு வர முடியுமா?" என்றேன். அவர் மனைவி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

மறுநாள் ஆல்பம் வந்தது. தாலி கட்டும்போதும் பந்தியிலும் தலை இடது தோள் பக்கமே சாய்ந்திருந்தது. "படம் எடுத்தவர் இவர் தலையை நிமிர்த்தி நிமிர்த்தியே சலித்துப்போனார், டாக்டர்" என்று அந்த அம்மா சிரித்தார். ஐந்தாம் வகுப்புப் படத்திலும் அதே சாய்வு. புது நோய் இல்லை, பிறவியிலேயே இருந்தது.

ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசைகள் அசைக்கின்றன. அவற்றில் மேல் சாய்தசை கண்ணைக் கீழே இறக்க உதவுவது. அது பலவீனமானால் கண் மேலேறும். தலையைச் சாய்த்து இரண்டு காட்சிகளையும் மூளை ஒட்டவைத்துக்கொள்ளும். வயது ஏறும்போது அந்தத் தெம்பு குறைகிறது. தலையில் அடிபட்டு மூளையிலிருந்து அந்தத் தசைக்கு வரும் நான்காம் நரம்பு பாதிக்கப்பட்டாலும் இதே கதைதான்.

அவர் தலையை வலது தோளுக்குச் சாய்த்தேன். வலது கண் மேலேறியது; பலவீனம் அந்தக் கண்ணின் தசையில்தான். ஜெர்மன் மருத்துவர் பீல்ஷோவ்ஸ்கியின் பெயரில் வழங்கும் சோதனை இது. 1958இல் அமெரிக்கக் கண் மருத்துவர் மார்ஷல் பார்க்ஸ் வகுத்த மூன்று படிச் சோதனையில் கடைசிப் படியும் இதுவே. எந்த இயந்திரமும் வேண்டாம்.

கழுத்து சாய்ந்த குழந்தையைக் கழுத்து வைத்தியத்துக்கே நடையாய் நடந்து தூக்கிப்போகிறோம். வீட்டிலேயே ஒரு கண்ணை மறைத்துப் பாருங்கள். மறைத்ததும் தலை நிமிர்ந்தால் குறை பெரும்பாலும் கண்ணில்தான். மறுபடியும் சொல்கிறேன்: ஒரு கண்ணை மறைத்துப் பாருங்கள். நிமிராவிட்டாலும் கண் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

நிலையக் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். சிகிச்சைக்கு வருவதற்குள் நேரத்தைத் தின்றுவிட்டேன். விலகல் சிறிதென்றால் மூக்குக்கண்ணாடியிலேயே பட்டகம், அதாவது ஒளியை வளைத்துக் காட்சியை நகர்த்தும் பிரிசம், வைக்கலாம். தையல்காரருக்கு அது போதவில்லை. எதிர்த்து இழுக்கும் கீழ் சாய்தசையை அறுவை சிகிச்சையில் தளர்த்தினோம். பழக்கத்தில் தலை கொஞ்ச நாள் சாய்ந்தது, படி ஒன்றாகிவிட்டது. அடிபட்டவர்களுக்குத் தானாகத் தேறுகிறதா என்று ஏறக்குறைய ஆறு மாதம் பார்த்த பிறகே கத்தியை எடுப்போம்.

ஆனால் இன்று திடீரென்று இரட்டையாகத் தெரிகிறது, கூடவே கடும் தலைவலி, இமை தொங்குகிறது என்றால் ஆல்பம் தேடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வணக்கம்.