கதவுப் பலகையும் பள்ளி வேனும்

மதிப்பிற்குரிய சட்டமன்ற உறுப்பினர் அவர்களே, கோயில் நிர்வாகத் தலைவர் டத்தோ அவர்களே, பள்ளி வாரியத் தலைவர் ஐயா அவர்களே, தலைமையாசிரியை அம்மா அவர்களே, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரே, மகளிர் பிரிவுத் தாய்மார்களே, இடம் இல்லாமல் பின்னால் நின்றபடி கேட்கும் தம்பிகளே, அனைவருக்கும் வணக்கம். டத்தோ அவர்களுக்கு இன்றிரவு பினாங்கில் இன்னொரு நிகழ்ச்சி இருக்கிறது. இருந்தும் கடைசி வரை இருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பெரிய மனதுக்கு நன்றி. வாடகை வாங்காமல் மண்டபம் கொடுத்த நிர்வாகத்துக்கும், மத்தியானத்திலிருந்து அடுப்படியில் நிற்கும் அக்காமார்களுக்கும் நன்றி.

‘வளர்ந்த ஊரில் வாழ்வது’ என்று தலைப்புக் கொடுத்தார்கள். வேலை, வீடு, பள்ளி ஆகிய மூன்றைப் பற்றியும் பேசுகிறேன் என்று ஒப்புக்கொண்டு வந்தேன்.

நம் சுங்கைப்பட்டாணி வளர்ந்த ஊர்தான். மலேசியாவின் கெடா மாநிலத்திலேயே பெரிய பட்டணம். நான் சிறுவனாக இருந்தபோது ரப்பர்த் தோட்டத்து லாரியில் வந்து இறங்கினால், எங்களுக்குப் பட்டணம் என்பது மணிக்கூண்டுதான். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளிவிழாவுக்காக லிம் லியன் தெங் என்ற தவுக்கே, அதாவது சீன முதலாளி, 1936-இல் கட்டிக்கொடுத்தது அது. அதைச் சுற்றி ஒரு நடை, ஒரு கிண்ணம் ஐஸ் கச்சாங், அவ்வளவுதான், லாரி கிளம்பிவிடும். இன்றைக்கு மின்சார ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் பட்டர்வொர்த். 1996-இல் தொடங்கிய கூலிம் ஹை டெக் பார்க்கில் நம் பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். செமிலிங்கில் இருக்கும் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் தோட்டத்துப் பிள்ளைகள் மருத்துவம் படித்து வெளியே வருகிறார்கள். பால்மரம் சீவிய கைகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண், “ஐயா, மூச்சை நல்லா இழுத்து விடுங்க” என்று தமிழில் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வீட்டைப் பற்றி அப்புறம் வருகிறேன். ஊர் கூடித் தேர் இழு என்பார்கள். எந்த மேடை ஏறினாலும் நான் இதைச் சொல்வேன். ஏனென்றால் கண்ணால் பார்த்தவன்.

எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழா. எனக்கு ஒன்பது வயது. அன்று மத்தியானம் நல்ல மழை. ராத்திரி, தேர் ஸ்டோரைத் தாண்டி, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துப் பக்கம் திரும்பும் இடத்தில், வலப்பக்கச் சக்கரம் அச்சு வரை சேற்றில் இறங்கிவிட்டது. இளந்தாரிகள் தோள் கொடுத்துப் பார்த்தார்கள். வேலையாட்களை மேய்க்கும் தண்டல் வந்து ஆளை மாற்றி மாற்றி நிறுத்தினார். தோட்டத்து ஆபீஸின் பெரிய கிராணி டார்ச் லைட்டோடு வந்தார். அசையவில்லை. அம்மனைச் சேற்றில் நிற்க வைத்துவிட்டோமே என்று பெண்கள் அழ ஆரம்பித்துவிட்டார்கள். மேளக்காரர் மட்டும் வாசிப்பை நிறுத்தவே இல்லை. மளிகைக்கடைச் சீனத் தவுக்கே, அரிசி மூட்டை அடுக்கும் பலகையைக் கடையிலிருந்து எடுத்துவந்து சக்கரத்தடியில் கொடுத்தார். மடாரென்று முறிந்தது.

அப்போது எங்கள் பாட்டி விறுவிறுவென்று வீட்டுக்குப் போனார். திரும்பி வரும்போது சித்தப்பாவின் தலையில் எங்கள் வீட்டுக் கதவு! கீலோடு கழற்றிவிட்டார்கள். மஞ்சள் குங்குமம் வைத்த கதவு. சக்கரத்துக்கு முன்னால் அதைப் போட்டு, “இப்ப இழுங்கடா” என்றார் பாட்டி. ஜாகா என்ற காவல் வேலை பார்த்த மலாய்க்காரப் பெரியவர் ஒரு வடத்தைப் பிடித்தார், தவுக்கே இன்னொன்றை. கிராணி சப்பாத்தைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கினார். நான் வடத்தின் வாலைப் பிடித்தேன். தேர் ஏறிவிட்டது! அன்று ராத்திரி கதவில்லாத வீட்டில்தான் தூங்கினோம். மறுநாள் கதவை மாட்டினார்கள். குறுக்கே பதிந்த சக்கரத் தடம் போகவில்லை. அதன் மேல் விரலை ஓட்டிக்கொண்டேதான் நான் வாய்ப்பாடு படித்தேன்.

அந்த லயம் இன்று இல்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய்த் தாமான் என்ற வீடமைப்புக் குடியிருப்பு வந்தது. சனங்கள் பட்டணத்துக்கு வந்துவிட்டார்கள், பள்ளி அங்கேயே நிற்கிறது. 1816-இல் பினாங்கில் ஒரு வகுப்பாகத் தொடங்கிய தமிழ்க்கல்வி 200 ஆண்டைத் தாண்டி வந்திருக்கிறது. 150 பேருக்குக் கீழே போனால் ‘குறைந்த மாணவர் பள்ளி’ என்பது அரசாங்கக் கணக்கு. நம் பள்ளி அந்தக் கணக்குக்குள் போய்ப் பல காலம் ஆகிறது.

போன மாதம் ஒரு தாயைப் பார்த்தேன். அவருக்குக் காலை ஏழு மணிக்கு ஷிப்ட், ஆறு மணிக்குத் தொழிற்சாலை பஸ். கணவருக்கு இரவு ஷிப்ட். பள்ளி ஏழரைக்கு, அதுவும் எட்டு மைல் தள்ளி. “தமிழ்ப்பள்ளியில போடத்தான் ஆசை அண்ணே, யாரு கொண்டுபோய் விடுறது?” என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாதம் தவறாமல் சம்பளம் வருகிறது, வாசலில் கார் நிற்கிறது. ஆனால் பிள்ளையின் கையைப் பிடித்துக் கூட்டிப்போக ஓர் ஆள் இல்லை. லயத்தில் பக்கத்து வீட்டு அக்கா கூட்டிப்போவார். தாமானில் பக்கத்து வீட்டுக்காரர் பெயரே நமக்குத் தெரியவில்லை.

தோட்டங்களைத் துண்டாடி விற்ற காலத்தில், அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கினார். 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. பால்மரம் சீவியவர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டினார்கள். சங்கம் வாங்கிய முதல் தோட்டம் நம் கெடாவில் இருக்கும் புக்கிட் சீடிம். தோட்டத்தையே விலைக்கு வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகளால் ஒரு வேன் வாங்க முடியாதா? ஊர் கூடித் தேர் இழுப்போம், வாருங்கள்.

வேன் ஒன்று பார்த்து வைத்திருக்கிறோம். உரிமம் எடுக்க டத்தோ அவர்கள் உதவுவதாகச் சொல்லியிருக்கிறார். குடும்பத்துக்கு மாதம் பத்து வெள்ளி, அதாவது பத்து ரிங்கிட், கேட்கிறோம். வாசலில் பொருளாளர் நீல அட்டை நோட்டோடு உட்கார்ந்திருக்கிறார். முதல் பக்கத்தில் முதல் பெயர் அந்தத் தாயுடையது. மூன்று மாதப் பணத்தை முன்கூட்டியே கட்டிவிட்டார். பிள்ளைக்கு இப்போதுதான் ஐந்து வயது. நன்றி, வணக்கம்.