இந்த அலமாரி யாருக்காக?

நேயர்களுக்கு வணக்கம். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக வகுப்பறையிலேயே ஒரு சின்ன நூலகம் வைத்திருக்கிறோம், நல்ல நல்ல புத்தகமாகத் தேடி வாங்கிப் போட்டிருக்கிறோம், ஆனால் ஒருத்தரும் தொட மாட்டேன் என்கிறார்களே என்று ஆசிரியர்கள் குறைப்படுவதை அடிக்கடி கேட்கிறேன். சரி, அந்த ‘நல்ல’ புத்தகம் யாருக்கு நல்லது? அலமாரியைத் திறந்தால் தலைவர்களின் வாழ்க்கை வரலாறு, நீதிக்கதைகள், பொது அறிவு, எப்போதாவது தேர்வுக்கு உதவும் என்று சேர்த்த இரண்டு தடிமனான தொகுப்புகள். பிள்ளைகள் எப்படி வளர வேண்டும் என்று பெரியவர்கள் ஆசைப்படுகிறார்களோ அதன் பட்டியல்தான் அது. படிக்கிற பிள்ளை இதையும் படித்துவிடும். படிக்காத பிள்ளைக்கு இன்னொரு பாடப்புத்தகம், அவ்வளவுதான்.

இந்தியாவில் நூலக அறிவியலுக்கு அடித்தளம் போட்ட எஸ். ஆர். ரங்கநாதன், கணக்கு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்து பிறகு நூலகர் ஆனவர். 1931-ல் வெளிவந்த அவருடைய ஐந்து விதிகளில் ஒன்று, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் என்பது. அடுத்த விதி அதைத் திருப்பிப் போடுகிறது: ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர். வாங்கப் போகும்போது இந்த இரண்டாவதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்ததும் வகுப்பில் ஒரு முகமாவது நினைவுக்கு வர வேண்டும், வரவில்லையென்றால் எவ்வளவு பரிசு வாங்கிய புத்தகமானாலும் கீழே வைத்துவிடலாம்.

அப்புறம், படிக்காத பிள்ளைகள் எல்லாரும் ஒரே ரகம் இல்லை. நன்றாகப் படிக்கத் தெரிந்தும் மனசு வராதவர்களுக்கு வேண்டியது விஷயம்: விளையாட்டு, பேய், துப்பறிதல், விலங்குகள், எந்திரம் எப்படி ஓடுகிறது என்பது மாதிரி. நடுவிலிருந்து பிரித்தாலும் படிக்க முடிகிற தகவல் புத்தகங்கள் இவர்களிடம் நன்றாக எடுபடும். கதை படித்தால்தான் வாசிப்பு என்று யார் சொன்னது?

உண்மையான சிக்கல், இன்னும் எழுத்துக்கூட்டிப் படிக்கிற பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம்தான். அந்தப் பிள்ளைக்கு ஏற்ற மொழி ஒன்றாம் இரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் இருக்கும், ஆனால் முயல்குட்டி படம் போட்ட அட்டையை நண்பர்கள் முன்னால் கையில் வைத்திருப்பதைவிட படிக்காமலே இருந்துவிடலாம் என்றுதான் அதற்குத் தோன்றும், அதில் தப்பும் இல்லை. ஆகவே பெரிய பிள்ளைகளின் கதை, எளிய வாக்கியம், இரண்டும் ஒரே புத்தகத்தில் வேண்டும். அத்தியாயம் நாலைந்து பக்கத்தில் முடியட்டும், வரிகளுக்கு நடுவே இடம் இருக்கட்டும், அட்டை பெரிய பிள்ளைகளின் புத்தகம் மாதிரியே தெரியட்டும். கிடைத்தால் வசன கவிதையில் எழுதிய நாவல்களைப் பாருங்கள், பக்கத்தில் பாதி வெள்ளையாகவே இருக்கும், மளமளவென்று பக்கம் நகர்வதே அந்தப் பிள்ளைக்கு ஒரு தெம்பு. ஆனால் தயவுசெய்து இது எளிது, இது கடினம் என்று முதுகில் நிற ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். யார் எந்த நிறத்தை எடுக்கிறார்கள் என்பதை வகுப்பு முழுக்க ஒரே நாளில் கண்டுபிடித்துவிடும்.

காமிக்ஸ் வைக்கலாமா என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வையுங்கள், நிறையவே வையுங்கள். படத்தையும் வசனத்தையும் சேர்த்துக் கதையை ஊகிப்பதும் வாசிப்புதான். தொடர்கதைப் புத்தகமாக இருந்தால் இன்னும் நல்லது, ஒன்று பிடித்துவிட்டால் அடுத்ததைத் தேர்ந்தெடுக்கும் தொல்லை இல்லை, ஆட்களும் ஊரும் ஏற்கெனவே பழக்கமாகிவிட்டதால் இரண்டாம் பாகம் முதலாவதைவிட வேகமாக ஓடும். முதல் பாகத்தில் மட்டும் இரண்டு மூன்று பிரதிகள் வாங்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் இந்த வயதில் ஆசிரியர் சொல்வதைவிட பக்கத்து பெஞ்சு சொல்வதுதான் எடுபடும்.

புத்தகங்களைத் தேர்ந்தெடுப்பதில் பிள்ளைகளையும் சேர்க்க வேண்டும், ஆனால் “உனக்கு என்ன புத்தகம் பிடிக்கும்?” என்று கேட்டால் படிக்காத பிள்ளை என்ன சொல்லும்? எதைப் பார்க்கிறாய், நண்பர்களோடு எதைப் பற்றிச் சண்டை போடுகிறாய் என்று கேளுங்கள். அதற்குப் பதில் வரும்.

பிரெஞ்சு எழுத்தாளர் டேனியல் பென்னாக் 1992-ல் வாசகரின் உரிமைகள் என்று பத்தை எழுதிவைத்தார். படிக்காமல் இருக்கும் உரிமை, பக்கங்களைத் தாண்டும் உரிமை, முடிக்காமல் விடும் உரிமை என்றுதான் அது ஆரம்பிக்கிறது. மூன்றாவதை வகுப்பறையில் அப்படியே அமல்படுத்தலாம். பிடிக்காத புத்தகத்தை முடித்தே ஆக வேண்டும் என்றால் அடுத்ததை எடுக்கவே பிள்ளை பயப்படும். படித்ததும் சுருக்கம் எழுதித் தா என்பதும் அதே கதைதான்.

புத்தகத்தின் முதுகு தெரிய அடுக்காமல், கொஞ்சத்தையாவது அட்டை தெரிய வையுங்கள். வாரத்துக்கு ஒன்றை எடுத்து முதல் இரண்டு பக்கத்தைச் சத்தமாக வாசித்து, சுவாரசியமான இடத்தில் நிறுத்திவிடுங்கள். ஆண்டு முடிவில் அட்டை கிழிந்த புத்தகங்களுக்குப் புதுப் பிரதி வாங்குங்கள், மடிப்புக் கலையாமல் இருப்பவற்றை வேறு வகுப்புக்குக் கொடுத்துவிடுங்கள், அங்கே அதற்கு ஆள் இருக்கலாம். வணக்கம்.